துக்கத்துல உறைஞ்ச ரத்தம்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடு தாயி. முழுசாத் திற. காத்து முகத்துல அடிச்சாத்தான் என்னால உக்கார முடியும். முன் சீட்டுக்காரன் வேற புளிச்ச ஏப்பமா விட்டுக்கிட்டு வர்றான், கருமம். நீ ராஜபாளையம் வரைக்குமா? நான் கிருஷ்ணன்கோவில்ல இறங்கி மினி பஸ் பிடிக்கணும். என்னடா இந்தப் பொம்பள காலை நீட்டி நீட்டி மடக்குறான்னு பாக்காத. ஆஸ்பத்திரியில சொல்லி விட்டது. ஒரே இருப்பா இருக்கக் கூடாதாம். கல்லுப்பட்டியில பஸ் நின்னா நான் எறங்கி ரெண்டு நடை நடப்பேன், நீ இந்தப் பைய மட்டும் பாத்துக்க.

மதுரையில மகன் வீட்டுல ரெண்டு நாள் இருந்து ரத்தம் பாத்துட்டு வர்றேன். ரத்தத்தை இளக்குற மாத்திரை தின்னுறேன்ல, அது சரியா வேலை செய்யுதான்னு அடிக்கடி பாக்கணும். முருங்கைக்கீரையைக் கூட இஷ்டத்துக்குத் திங்கக் கூடாதுன்னுட்டாங்க. சரி, அதை விடு. இப்ப நேராப் போறது துக்க வீட்டுக்கு. என் கொழுந்தன், அதான் என் வீட்டுக்காரரோட தம்பி, செத்து இன்னையோட பதினோரு நாள். அவன் பொண்டாட்டி சீனியம்மா மூலையில உக்காந்திருக்கா.

உங்க பக்கம் அந்தப் பழக்கம் உண்டா? எங்கள்ல புருசன் செத்தா பொம்பள பதினாறு நாள் வீட்டு மூலையில உக்காரணும். கருமாதி முடியிற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. துக்கம் கேக்க வர்றவ எல்லாம் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவா, நாமளும் கூட அழுகணும். அவ்வளவுதான் வேலை. இந்தச் சீனியம்மா இருக்காளே, இருபத்தஞ்சு வருசமா என்னைப் பாத்துப் பாத்தே வாழுறவ. நான் மூக்குத்தி மாத்துனா அவளும் மாத்துவா. என் வீட்டுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சா ஒரே வாரத்துல அவ வீடும் நீலம். இப்ப எனக்கு வந்த மூச்சு வாங்கல் அவளுக்கும் வந்துருச்சாம். காலையில எங்க மதினி போன் போட்டுப் பெருமையாச் சொல்லுது. கேட்டதுலருந்து எனக்குக் காப்பி இறங்கல. வெறுப்பா வருது. இதுல கூடவா ஒருத்தி போட்டி போடுவா?

என் கதையைக் கேட்டாத்தான் உனக்கு வெளங்கும்.

என் வீட்டுக்காரர் தை மாசம் செத்தாரு. ஈரல் வெந்து செத்தாரு, குடிதான். ஆனா மஞ்சக்காமாலைன்னு சொல்லணும்னு மதினி உத்தரவு. மதினின்னா அவரோட அக்கா, ராக்கம்மா. எங்க குடும்பத்துக்கு அதுதான் கலெக்டர். முப்பத்தொரு வருசம் அந்த மனுசனோட குடும்பம் நடத்துனேன் தாயி. நடத்துனேன்னா என்ன, கழுவுனேன். வாந்தியைக் கழுவுனேன். சோத்துல உப்புக் கொறைஞ்சா தட்டு பறக்கும், அந்தச் சுவத்தைக் கழுவுனேன். கட்டிலுக்கு அடியில ஒரு கொட்டாங்கச்சி வச்சிருப்பாரு, புகையிலை எச்சி துப்ப. தினமும் காலையில மொத வேலை அதைக் கழுவுறது. உனக்கு வவுத்தைப் பிரட்டுதா? எனக்கு முப்பத்தொரு வருசம் பிரட்டுச்சு. இது பத்தாதுன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒருத்தி வேற இருந்தா. மரியபுஷ்பம்னு பேரு. ஏதோ ஆஸ்பத்திரியில ஆயா வேலை. அவ பின்னாடி வருவா, இரு.

அவர் செத்த அன்னைக்கு நான் மொதல்ல என்ன செஞ்சேன்னு நினைக்கிற? அந்தக் கொட்டாங்கச்சியைக் கொண்டு போய்க் குப்பையில வீசுனேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஒரு மூச்சு விட்டேன் பாரு. கல்யாணத்துக்கு முன்னாடி விட்ட மூச்சு அது. நல்லா அடிவயிறு வரைக்கும் போச்சு.

அப்புறம்தான் மூலையில உக்காத்தி வச்சாங்க. மூலைன்னா அவர் கட்டில் கிடந்த அதே மூலை. சுவத்துல அவர் தலை எண்ணெய் ஊறி வட்டமா ஒரு கறுப்பு. அதுக்குக் கீழ எனக்குப் பாய். எதுத்தாப்புல அவர் போட்டோ, மாலை போட்டு. செத்தும் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. வர்றவ ஒவ்வொருத்தியும் என் மேல விழுந்து, மூக்கைச் சிந்தி, என் தோள்லயே தேச்சுட்டுப் போவா. மூணு நாளைக்கு ஒரு மாத்துச் சேலைதான். தோள்ல சளி காஞ்சு மொறமொறன்னு நிக்கும். தலைக்குப் போட்ட எண்ணெய் வாடை, வெத்தலை வாடை, வேர்வை. என்னைக் கட்டிக்கிட்டு அந்த அழுகை அழுதவ, எந்திரிச்சு அந்தப் பக்கம் போனதும் காப்பி ஆறிக் கிடக்குன்னு குறை சொல்லுவா. என் காதுல விழும்.

கக்கூஸ் கொல்லையில இருக்கு. நான் எந்திரிச்சா துணைக்கு ரெண்டு பேர் வருவாங்க. உள்ள போய்ட்டு வர்ற வரைக்கும் கதவுக்கு வெளிய நின்னு மாமா மாமான்னு அழுவாங்க. அந்தக் கேவலத்துக்குப் பயந்துக்கிட்டு நான் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எந்திரிச்சா அதிகம். மத்தபடி சம்மணம் போட்டது போட்டபடி இருப்பேன்.

ஏழாம் நாள் இடது கெண்டைக்கால்ல ஒரு பிடிப்பு. உக்காந்து உக்காந்து மரத்திருச்சு போலன்னு விட்டுட்டேன். மறுநாள் பாத்தா வீங்கிக் கிடக்கு. ரெண்டு காலையும் சேத்து நீட்டுனா ஒண்ணு என் கால், இன்னொண்ணு எவளோ ஒரு தடிச்சி கால். தோல் பளபளன்னு இருக்கு, தொட்டாச் சுடுது. மதினி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேச்சு விட ஒருத்தியைப் போட்டுச்சு. அவ பரோட்டா மாவு பிசையிற மாதிரி பிசைஞ்சா. அதுதான் தப்புன்னு அப்ப யாருக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் வலது விலாவுல ஒரு குத்து. மூச்சை இழுத்தாக் குத்தும், விட்டா விடும். அதனால பாதி மூச்சா விட்டேன். பாதி பாதியா விட்டா எப்படிப் பத்தும்? உக்காந்த இடத்துலயே நெஞ்சு திடுதிடுன்னு ஓடுது. கொல்லைக்குப் பதினாலு எட்டு. அதை நடந்துட்டு வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், கண்ணு இருட்டிக்கிட்டு வரும், உடம்பெல்லாம் சில்லுன்னு வேர்க்கும். மூச்சை உள்ள இழுத்தா நடுவழியில யாரோ கதவைச் சாத்துன மாதிரி நிக்குது. சாகப் போறேன்னு எனக்கே தெரிஞ்சுருச்சு. எப்படின்னு கேக்காத, தெரியும். பதினோராம் நாள் இருமுனேன், முந்தானையில ரத்தப் பொட்டு. பக்கத்துல இருந்தவ குனிஞ்சு பாத்துட்டு, துக்க வீட்டுல வெத்தலை போட்டியாடீங்குறா.

இதுக்கெல்லாம் ஊரு என்ன பேர் வச்சுச்சு தெரியுமா? துக்கம்.

மதினிதான் ஆரம்பிச்சது. மூலைக்கு வந்து என் முகத்தைக் கையில ஏந்திக்கிட்டு, எந் தம்பி கூடவே போகப் பாக்குறியாத்தான்னு ஒரு அழுகை. முப்பத்தொரு வருசத்துல அது என் முகத்தைத் தொட்டது அன்னைக்குத்தான். அன்னையிலருந்து கூட்டம் கூடிருச்சு. பக்கத்து ஊர்லருந்தெல்லாம் வர்றாளுக. புருசன் போனதும் மூச்சு அடைச்சுப் போச்சாம், பாருங்கடி, இவல்ல பொண்டாட்டின்னு. ஊசி போடுற கம்பவுண்டர் வந்து கையைப் பிடிச்சுப் பாத்துட்டு மனசு பாரம்னு சொல்லித் தூங்குறதுக்கு மாத்திரை குடுத்துட்டுப் போனான். எம் மகனே நம்பிட்டான். அம்மாவுக்கு அப்பா மேல இவ்வளவு பாசமான்னு அவன் உக்காந்து அழுகுறான். அவர் தட்டை வீசுறப்ப எல்லாம் கூடத்தான் இருந்தான் அந்தப் பய.

எனக்குக் கத்தணும் போல இருக்கு. அந்தாளுக்காக இல்லடி, எனக்கு உடம்பு சரியில்லடின்னு. ஆனா கத்த மூச்சு வேணுமே. அப்புறம் இன்னொண்ணும் இருக்கு, உங்கிட்டச் சொன்னா என்ன, நீ யாரோ நான் யாரோ. அது எனக்கு இனிச்சுச்சு தாயி. அந்தக் குடும்பத்துல அதுவரைக்கும் எவளும் என்னை நல்லவன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப எல்லாரும் சொல்றாளுக. சொல்லிட்டுப் போகட்டும்னு ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்தேன். அந்த ஒரு நாள்ல நான் போய்ச் சேந்திருக்கணும்.

பன்னெண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க. நான் கொல்லையில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேலி ஓரமா ஒருத்தி. புஷ்பம். வாசல் வழியா வந்தா மதினி செருப்பால அடிக்கும்னு பின்னாடி வந்திருக்கா, ஒரு தடவை போட்டோவையாவது பாத்துட்டுப் போக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. ஆனா வாயைத் திறந்தா மூச்சுத்தான் வருது, பேச்சு வரல.

அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. என்னக்கா இப்படி மூச்சு வாங்குதுன்னா. எனக்குத் துணைக்கு வந்த ரெண்டு பேரும் மாமாவை நினைச்சுத்தான்னு சொன்னாங்க. அவ சிரிச்சா தாயி. துக்க வீட்டுல நின்னுக்கிட்டுச் சிரிச்சா. அக்கா, அந்த ஆளுக்காக உங்களுக்கு மூச்சு நிக்காது, எனக்கே நிக்கலையேன்னா.

சொல்லிட்டு உக்காந்து என் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிட்டா. அவ கை என் கால்ல பட்டதும் எனக்கு உடம்பு கூசிப் போச்சு. அவரைத் தொட்ட கை. ஆனா அவ பாத்த பார்வை வேற. ஆபரேசன் ஆகிப் படுத்தே கிடக்குற பொம்பளைங்களுக்கு இப்படி ஒரு கால் மட்டும் வீங்கும், பின்னாடியே மூச்சு வாங்கும், அதுக்குப் பின்னாடி ஆளே இருக்க மாட்டாங்கன்னு படபடன்னு சொல்லிட்டு, அவளே நூத்தியெட்டுக்குப் போன் போட்டா.

மதினி எச்சிக் கையோட ஓடி வந்துச்சு. பதினாறு கழியாம வாசப்படி தாண்டுனா எந் தம்பி ஆத்மா வழி தெரியாம அலையும்னு குறுக்க நின்னுச்சு. உங்க தம்பி எங்க அலைவாருன்னு எனக்குத் தெரியும், வழியை விடுங்கன்னுட்டா புஷ்பம். இருமல் வந்துச்சு எனக்கு. சிரிப்பாத்தான் வந்திருக்கணும், இருமலா வந்துச்சு. அப்புறம் எனக்கு நெனப்பு இல்ல.

முழிச்சா மூக்குல குழாய். டாக்டர் சின்னப் பையன். கால்ல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல அடைச்சுக்கிச்சுன்னு சொன்னாரு. எங்கயாவது ஒரே இடத்துல ரொம்ப உக்காந்திருந்தீங்களாம்மான்னு கேட்டாரு. பன்னெண்டு நாளுன்னேன். எழுதுறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. ஏன்னு கேட்டாரு.

புஷ்பம் மூணு நாள் வந்து எனக்குப் பெட்பேன் வச்சா. அவ வேலை பாக்குற இடமும் இல்ல அது, வேற ஆஸ்பத்திரி. நான் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல. நாலாம் நாள் அவளே நின்னுட்டா. சொல்லியிருக்கலாம்தான். வாய் வரல.

இதுல மதினி செஞ்ச வேலையைக் கேளு. டாக்டர் சொன்னதை வராண்டாவுல நின்னு அதுவும் கேட்டுச்சு. ரத்தம் கட்டிருச்சுங்குறது மட்டும்தான் அது காதுல ஏறியிருக்கு. ஊருக்கு வந்து என்ன சொல்லிருக்கு தெரியுமா? புருசனை நினைச்சு நினைச்சு குருவம்மாவுக்கு ரத்தமே உறைஞ்சு போச்சுன்னு. துக்கத்துல ரத்தம் உறையுமா? பெரிய டாக்டரே சொல்லிட்டாராம். அஞ்சு மாசமா இதுதான் பேச்சு. எந்த வீட்டுல புருசன் பொண்டாட்டிச் சண்டைன்னாலும் என்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துறாங்க, குருவம்மா அத்தையைப் பாருடி, ரத்தம் உறைஞ்சவன்னு. அடி வாங்குன பிள்ளைக கிட்டக் கூட அதைத்தான் சொல்றாங்க.

இல்லைன்னு சொன்னியான்னு கேக்குறியா? சொல்லல. என்னத்துக்குச் சொல்லணும்? மதினி இப்ப எனக்கு நாற்காலி எடுத்துப் போடுது தாயி. சீனியம்மாவுக்கு அதுல வயித்தெரிச்சல். நல்ல வயித்தெரிச்சல். அதான் அவ புருசன் செத்ததும் அவளும் ஆரம்பிச்சுட்டா. நான் மதுரைக்குக் கிளம்புற வரைக்கும் நல்லாத்தான் உக்காந்திருந்தா. கால் வலிக்குதுக்கான்னா. ஏன் உனக்கும் வலிக்குதாக்கும்னு கேட்டுட்டு வந்துட்டேன். இப்ப மூச்சு வாங்குதாம், பேச முடியலையாம். எங்க வீட்டு மருமக ரெண்டும் தங்கம், ரெண்டுக்கும் புருசன் கூட மூச்சுப் போகுதுன்னு மதினி காலையில போன்ல உருகுது. நடிப்பு. சுத்த நடிப்பு. அவனும் அண்ணனுக்குத் தம்பிதான், அவன் கையால அவ வாங்காத அடியா? அவனுக்காக இவளுக்கு மூச்சு நிக்குமா?

என்ன கேட்ட?

எந்தக் காலா? வலது கால். மரம் மாதிரி இருக்குன்னு மதினி சொல்லுச்சு. இல்ல, ரெண்டு காலும் இல்ல. ஒரு கால்தான்.

சுடுதுன்னும் சொல்லுச்சு. எண்ணெய் காய்ச்சித் தேக்கிறோம்னுச்சு.

நீ ஏன் தாயி என்னை அப்படிப் பாக்குற. அவ நடிக்கிறா. அவளை எனக்குத் தெரியும். நான் எது செஞ்சாலும் செய்வா. ஆனா காலை எப்படி நடிப்பா? வீங்குன காலை எப்படி நடிக்க முடியும்? அவனுக்காக அவளுக்கு மூச்சு நிக்காதுன்னு நான்தான இப்பச் சொன்னேன். இதைத்தான அன்னைக்குப் புஷ்பம் எனக்குச் சொன்னா. கால் வலிக்குதுக்கான்னு எங்கிட்டத்தான சொன்னா அவ. வேற யார்கிட்ட சொல்லுவா? அந்த ஊர்லயே அந்த வலி தெரிஞ்சவ நான் ஒருத்திதான். கேலி பேசிட்டு வந்தேன் நான். தூ. எம் மூஞ்சியில நானே துப்பிக்கணும்.

அந்தப் பைய எடு. போன் அடியில கிடக்கு பாரு. பச்சைப் பட்டனை அமுக்கு, ராக்கம்மான்னு இருக்கும். போட்டு எங்கிட்டக் குடு.

மதினி. நான்தான். குருவம்மா. பஸ்ல வர்றேன். சீனியம்மா கால்ல தேக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்துங்க மொதல்ல. நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. பதினாறும் வேணாம் ஒண்ணும் வேணாம், இப்பவே தூக்குங்க. துக்கம் இல்ல மதினி அது. எனக்கு வந்ததும் துக்கம் இல்ல. கேக்கலையா? எனக்கு வந்ததும் துக்கம் இல்ல. உங்க தம்பி செத்ததுக்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. மூலையில உக்கார வச்சீங்க, உக்காந்து உக்காந்து ரத்தம் கட்டுச்சு, அவ்வளவுதான். சந்தோசமா இருந்தேன் மதினி. அவர் செத்ததுக்கு நான் சந்தோசப்பட்டேன். ஏசுங்க, வந்ததும் என்னைச் செருப்பால அடிங்க, நான் நிக்கிறேன். இப்ப அவளை எந்திரிக்க விடாதீங்க, வண்டி வந்து தூக்கட்டும். புஷ்பத்துக்குச் சொல்லி விடுங்க. ஆமா, அவளுக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்லுங்க, அவளுக்குப் பாத்த மாத்திரத்துல தெரியும். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வாங்குன நம்பர் எம் மகன்கிட்ட இருக்கு.

என்ன கண்டக்டர் தம்பி திரும்பிப் பாக்குற? டிக்கெட் எடுத்தாச்சு, போய் வேலையைப் பாரு. எல்லாரும் நல்லாப் பாருங்க.

மதினி, வைக்காதீங்க. போனை அவ காதுல குடுங்க. குடுங்கன்னு சொல்றேன்ல.

சீனி. அக்காதான். நீ நடிக்கிறன்னு யாரும் சொல்லலடி. நான் சொன்னேன், ஆமா, நான்தான் சொன்னேன். நீ பதில் பேசாத. அழுகவும் செய்யாத, அதுக்கும் மூச்சு வேணும். சின்னதா விடு, போதும், சின்னது சின்னதா விடு. வண்டி வருது. போனைக் காதுலயே வச்சிரு.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும் தாயி. இது நான் விட்ட மூச்சு. பாதி போய் நிக்குது பாரு.

அந்த ஜன்னலைச் சாத்து தாயி. காத்துச் சத்தத்துல அவ மூச்சு சரியாக் கேக்க மாட்டேங்குது.